கிட்னி மாற்றிய பிறகு: உள்ளேயே இருக்கும் வைரஸ்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் கிட்னி மாற்று ஆபரேஷன் முடிந்தது என்று தெரிந்ததும் சொந்தபந்தம் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: "கிட்னி சேந்துக்கிச்சுங்களா?" சேர்ந்துகொண்டது என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. வீட்டில் இருப்பவர்கள் மாஸ்க், தனி அறை, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் என்று வெளியிலிருந்து எந்தக் கிருமியும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். அத்தனையும் தேவைதான். ஆனால் கிட்னி மாற்றிக்கொண்டவர்களை முதல் வருடத்தில் அதிகம் அலைக்கழிக்கும் வைரஸ்கள் சில, அவர்கள் உடம்புக்குள்ளேயே சின்ன வயதிலிருந்து குடியிருப்பவை. அவற்றுக்குக் கதவும் கிடையாது, மாஸ்க்கும் கிடையாது. ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். இதைத்தான் இந்தப் பதிவில் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு அவருடைய அம்மா, அதாவது என் அத்தை, கிட்னி கொடுத்தார். அதற்குப் பிறகு அவிநாசி, கோபி, பொள்ளாச்சி, உடுமலை என்று எங்கெங்கிருந்தோ தெரிந்தவர்கள் மூலமாக ஆட்கள் எனக்குப் போன் செய்கிறார்கள். நான் டாக்டர் கிடையாது. ஆனால் ஒரு கிட்னி நோயாளியின் வீட்டாருக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

வேலூரிலிருந்து கோவை அவிநாசி ரோடு வரை

தமிழ்நாட்டில் கிட்னி மாற்று என்ற பேச்சு வீட்டுக்கு வீடு பரவியது 1984-இல். முதல்வராக இருந்த எம்.ஜி.ஆருக்கு நியூயார்க் புரூக்ளினில் ஆபரேஷன் நடந்தது. அண்ணன் மகள் லீலாவதி கிட்னி கொடுத்தார். ஆனால் அதற்குப் பதிமூன்று வருடம் முன்பே, 1971-இல், வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று நடந்துவிட்டது. ரொம்ப காலம் நம் கொங்குப் பகுதி ஆட்கள் இதற்காக வேலூருக்கும் சென்னைக்கும்தான் ரயில் ஏறினார்கள். இன்று கோவையிலேயே கே.எம்.சி.எச்., பி.எஸ்.ஜி., ஸ்ரீ ராமகிருஷ்ணா மருத்துவமனை என்று பல இடங்களில் செய்கிறார்கள். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கிறது. ஆபரேஷன் என்பது இப்போது எட்டாத விஷயம் இல்லை. அதற்குப் பிந்தைய வருடங்களைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

1954-இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த உலகின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று, ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு இடையே நடந்தது. ஒருவரின் உடம்பு மற்றவரின் கிட்னியை அந்நியமாகப் பார்க்கவில்லை. மற்ற எல்லோருக்கும், பெற்ற தாயே கொடுத்தாலும், உடம்பு அதை வேற்றுப் பொருளாகத்தான் நினைக்கும், தாக்க வரும். அந்தத் தாக்குதலை அடக்கத்தான் டேக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு என்ற மூன்று மாத்திரைகள். சிலருக்கு ஆபரேஷன் சமயத்தில் ஏ.டி.ஜி. என்ற பலமான ஊசியும் போடுவார்கள்.

இவையெல்லாம் முக்கியமாக அடக்குவது டி-செல் எனப்படும் வெள்ளை அணுக்களை. புதுக் கிட்னியைத் தாக்குவதும் அவைதான். நமக்குள் கிடக்கும் வைரஸ்களைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பதும் அவைதான். ஒன்றை அடக்கினால் மற்றதும் தளரும். மானாவாரிக் காட்டில் மழைக்காகக் காத்துக் கிடக்கும் விதை மாதிரி, அந்தச் சமயம் பார்த்து வைரஸ் முளைக்கிறது. பொதுவாக முதல் மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடைப்பட்ட காலம்தான் இதற்கு மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் மாத்திரைகளின் வீரியம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

சி.எம்.வி.

சைட்டோமெகலோ வைரஸ் என்பதைச் சுருக்கி சி.எம்.வி. என்பார்கள். சின்னம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது சின்ன வயதிலேயே வந்து, சாதாரண காய்ச்சலாகவோ அதுகூட இல்லாமலோ போயிருக்கும். போனது என்று நாம் நினைக்கிறோம். அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. கிட்னி கொடுப்பவரிடமும் இருக்கும், வாங்குபவரிடமும் இருக்கும். மேலை நாடுகளில் கொடுப்பவருக்கு இருந்து வாங்குபவருக்கு இல்லாவிட்டால் பெரிய ஆபத்து என்று பார்ப்பார்கள். இங்கே பெரும்பாலும் இரண்டு பேரிடமும் இருப்பதால், பழைய வைரஸ் மறுபடி விழித்துக்கொள்வதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

விழித்துக்கொண்டால் என்ன ஆகும்? விடாத லேசான காய்ச்சல், அசதி, பசியின்மை, வெள்ளை அணுக்கள் குறைவது. குடலைத் தாக்கினால் நாள்கணக்கில் வயிற்றுப்போக்கு. நுரையீரலைத் தாக்கினால் மூச்சுத் திணறல். "வெளியில சாப்பிட்டது ஒத்துக்கல" என்று ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிட்னி மாற்றியவருக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் சி.எம்.வி. இருக்குமா என்று பார்த்தாக வேண்டும். தவிர, வயிற்றுப்போக்கின்போது டேக்ரோலிமஸ் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறிவிடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

நல்ல விஷயம், இதற்கு மருந்து இருக்கிறது. வால்கான்சிக்ளோவிர் மாத்திரையை ஆபரேஷன் முடிந்ததும் முன்தடுப்பாகவே சில மாதங்கள் கொடுப்பார்கள். அல்லது ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். பரிசோதனையை அடிக்கடி எடுத்துப் பார்த்து, வைரஸ் தலைகாட்டியதும் ஆரம்பிப்பார்கள். தீவிரமாக இருந்தால் கான்சிக்ளோவிர் ஊசி. மாத்திரை விலை அதிகம். விலைக்குப் பயந்து இரண்டு வேளையை ஒரு வேளையாக்குவது, பாதியில் நிறுத்துவது இரண்டுமே ஆபத்து. அரைகுறை அளவில் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். கிட்னியின் நிலையைப் பார்த்து அளவை மாற்ற வேண்டியதும், வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று பார்க்க வேண்டியதும் டாக்டரின் வேலை. பணம் இல்லையென்றால் அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவருக்கு வேறு வழி தெரிந்திருக்கும். நாம் சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

பி.கே. என்ற இரண்டெழுத்து

இதைப் பற்றி எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு வந்தது இதுதான்.

வேலூரில் முதல் கிட்னி மாற்று நடந்த அதே 1971-இல், லண்டனில் கிட்னி மாற்றிக்கொண்ட சூடான் நாட்டவர் ஒருவருக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. அவருடைய சிறுநீரை ஆராய்ந்த ஸில்வியா கார்ட்னர் குழுவினர் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸைக் கண்டார்கள். அந்த நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளையே வைரஸுக்கு வைத்தார்கள்: பி.கே. இதுவும் பெரும்பாலானோருக்குச் சின்ன வயதில் வந்து, கிட்னியிலும் சிறுநீர்ப் பாதையிலும் காலத்துக்கும் தங்கிவிடும். ஆரோக்கியமாக இருப்பவரை அது ஒன்றும் செய்யாது. கிட்னி மாற்றியவரிடம் பெருகினால், புதுக் கிட்னியையே அரிக்க ஆரம்பிக்கும்.

இதில் காய்ச்சல் வராது. வலி வராது. சிறுநீர் நன்றாகப் போகும். பசிக்கும். வேலைக்குப் போகலாம். கிட்னியின் வேலை குறைவதைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்த அளவு மட்டும் மெல்ல ஏறும். அவருக்கும் அப்படித்தான். 1.2-இல் நின்றிருந்தது 1.5 ஆனது, பிறகு 1.8. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம்: ரிஜெக்ஷன், அதாவது உடம்பு புதுக் கிட்னியை ஏற்காமல் தாக்குவது. "நான் குடுத்தது அவனுக்கு ஒத்துக்கலயா கண்ணு?" என்று அத்தை என்னைக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனோம். டாக்டர் ரத்தத்தில் பி.கே. பி.சி.ஆர். எடுக்கச் சொன்னார், பிறகு பயாப்ஸி. முடிவு வந்ததும் மாத்திரையைக் குறைத்தார்.

இது எல்லோருக்கும் புரிய வேண்டும். ரிஜெக்ஷனிலும் கிரியேட்டினின் ஏறும், பி.கே.யிலும் ஏறும். ரிஜெக்ஷனுக்கு உடம்பின் எதிர்ப்பை இன்னும் அழுத்த வேண்டும், ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும். பி.கே.க்கு எதிர்ப்பைக் கொஞ்சம் எழுப்பிவிட வேண்டும். ஒரே எண், நேர் எதிரான இரண்டு வைத்தியம். மாற்றிச் செய்தால் கிட்னி போய்விடும். பி.கே.யைக் கொல்வதற்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றைக்கும் கிடையாது. மாத்திரையை அளந்து குறைத்து, உடம்பே அதை அடக்க விடுவதுதான் வழி. ரொம்பக் குறைத்தால் ரிஜெக்ஷன் வந்துவிடும். மயிரிழையில் நடப்பது இது. அதனால்தான் பி.சி.ஆர்., கிரியேட்டினின், டேக்ரோலிமஸ் அளவு மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

கிரியேட்டினின் ஏறும்வரை காத்திருந்தால் சேதம் ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும். ரத்தத்தில் வைரஸ் அதற்கு முன்பே தெரிந்துவிடும். 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், முதல் ஒன்பது மாதம் மாதாமாதமும், அதன் பிறகு இரண்டு வருடம் முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பி.கே. பரிசோதனை செய்யச் சொல்கிறது. உங்கள் டாக்டர் வேறு கால அட்டவணை வைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதை விடாதீர்கள். "ஆளு தெம்பாத்தானே இருக்காரு, அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க" என்று என்னிடம் சொல்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பி.கே. வந்தவரும் தெம்பாகத்தான் இருப்பார்.

அம்மையும் அக்கியும்

மாசி, பங்குனி வந்தால் நம் ஊரில் கோயில்களில் கம்பம் நடுவார்கள், பண்ணாரியில் குண்டம், ஈரோட்டில் பெரிய மாரியம்மன் திருவிழா. சின்னம்மை அதிகம் காணும் காலமும் அதுவே. அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை கட்டி, அம்மா வந்திருக்கிறாள் என்று மரியாதையோடு இருப்பது நம் வழக்கம். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அந்தப் பக்தியை விடச் சொல்லவில்லை. கூடவே ஒன்று செய்யுங்கள்: கிட்னி மாற்றியவர் இருக்கும் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால், அல்லது அம்மை போட்ட பிள்ளையோடு அவர் ஒரே அறையில் இருந்திருந்தால், கொப்புளம் வருமா என்று பார்க்காமல் அன்றைக்கே நெஃப்ராலஜிஸ்டுக்குப் போன் செய்யுங்கள். முன்பு அம்மை வராதவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படலாம். அதைப் பத்து நாளுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்குச் சின்னம்மை நுரையீரல், கல்லீரல், மூளை வரை போகும்.

அதே வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து பின்னாளில் அக்கியாக வருகிறது. அக்கி எழுதுவது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் எழுதிக்கொண்டு வருவார்கள். கிட்னி மாற்றியவருக்கு அக்கி வந்தால் முதலில் மருத்துவமனை. கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் வைரஸ் மருந்து ஆரம்பித்தால் பலன் அதிகம். தாமதமாகிவிட்டது என்பதற்காகப் போகாமல் இருக்கவும் கூடாது. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அது அவசரம்.

தடுப்பூசி விஷயத்தில் நேரம் முக்கியம். சின்னம்மை, எம்.எம்.ஆர். போன்றவை உயிருள்ள வைரஸால் ஆனவை. ஆபரேஷனுக்குப் பிறகு அவற்றைப் போடக் கூடாது. தேவைப்பட்டால் குறைந்தது நான்கு வாரம் முன்னதாகவே போட்டு முடிக்க வேண்டும். டயாலிசிஸில் இருக்கும்போதே கேளுங்கள். ஃப்ளூ ஊசி, கோவிட் ஊசி, நிமோனியா ஊசி இவை உயிரற்றவை, பிறகும் போடலாம். அக்கிக்கான உயிரற்ற தடுப்பூசியும் இப்போது இந்தியாவில் கிடைக்கிறது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று. போலியோ, ரோட்டா சொட்டு மருந்து குடித்த குழந்தையின் மலத்தில் அந்த வைரஸ் சில வாரம் வெளிவரும். நீங்களாகவே குழந்தைக்குச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் துணி மாற்றுவதையும் கழுவிவிடுவதையும் வேறொருவர் செய்யட்டும்.

டயாலிசிஸ் காலத்தின் மிச்சம்

ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. டயாலிசிஸ் ஆரம்பிக்கும்போதே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இரட்டை அளவில் போடச் சொல்வார்கள், ஏனென்றால் கிட்னி பழுதானவர்களுக்குச் சாதாரண அளவு பிடிப்பதில்லை. போட்ட பிறகு எதிர்ப்பு உருவானதா என்று ரத்தத்தில் பார்க்கவும் வேண்டும். ஹெபடைடிஸ் சி கதை ரொம்பவே மாறிவிட்டது. முன்பு இண்டர்ஃபெரான் ஊசிதான். கிட்னி மாற்றியவருக்கு அதைப் போட்டால் ரிஜெக்ஷன் வரும் என்ற பயம். 2015 வாக்கில் சோஃபோஸ்புவிர் இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்டு விலை இறங்கிய பிறகு, பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாத மாத்திரையில் வைரஸே போய்விடுகிறது. மாற்றுக்கு முன்பா பின்பா என்று டாக்டர் முடிவு செய்வார். ஹெபடைடிஸ் சி இருப்பதால் கிட்னி மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளர்களைக் கடனில் சிக்கவைத்துப் புரோக்கர்கள் கிட்னியை விற்க வைத்த செய்தி 2025-இல் நம் எல்லோரையும் உலுக்கியது. அது முதலில் அந்த ஏழைக் குடும்பங்களுக்குச் செய்த கொடுமை. வாங்குபவரையும் அது காப்பாற்றுவதில்லை. 1990-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, பம்பாயில் விலைக்குக் கிட்னி வாங்கிக்கொண்டு திரும்பிய 130 வளைகுடா நாட்டு நோயாளிகளைப் பார்த்தது. அவர்களில் பலர் இறந்திருந்தார்கள், எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸும் தொற்றியிருந்தவர்களும் இருந்தார்கள். கொடுப்பவரின் ரத்தத்தை நிதானமாகப் பரிசோதிப்பது, தேவையானால் மறுபடி பார்ப்பது, அவரும் உண்மையைச் சொல்லும் சூழல், இதெல்லாம் அவசரப் பேரத்தில் நடக்காது.

டெங்கு, கோவிட், பக்கத்து மருந்துக்கடை

திருப்பூர், கோவைப் பக்கம் தண்ணீர் தினமும் வராது. டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். டெங்கு கொசு முட்டையிடுவதும் அந்தத் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். கிட்னி மாற்றியவருக்கு ஸ்டீராய்டு காரணமாகக் காய்ச்சல் பெரிதாகக் காட்டாமலே இருக்கலாம். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் காத்திருக்காதீர்கள். காட்டாவிட்டாலும் ஆள் சோர்ந்திருந்தால் காத்திருக்காதீர்கள். கோவிட் முதல் அலையில் இந்தியாவின் 13 மையங்களில் 250 கிட்னி மாற்றியவர்களைப் பார்த்த ஆய்வில் ஏறத்தாழ 12 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 2021 மே மாதக் கடைசியில் கோவையின் தினசரி எண்ணிக்கை சென்னையைத் தாண்டியபோது எங்களைப் போன்ற குடும்பங்கள் எப்படி நடுங்கின என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

காய்ச்சலுக்குப் பக்கத்துக் கடையில் "செட் மாத்திரை" வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், ப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கிட்னியை நேரடியாகக் கெடுக்கும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் டேக்ரோலிமஸ் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும், டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். பம்ளிமாஸ் பழமும் அளவை ஏற்றக்கூடும். நிலவேம்புக் கசாயமோ பப்பாளி இலைச் சாறோ, எதுவாக இருந்தாலும் கேட்ட பிறகு குடியுங்கள்.

மற்ற சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹீமோகுளோபின் காரணமில்லாமல் இறங்கிக்கொண்டே போனால் பார்வோ வைரஸ் இருக்கலாம். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டினால் எப்ஸ்டீன் பார் வைரஸால் வரும் ஒருவகைப் புற்றுநோயா என்று பார்ப்பார்கள். மருக்கள் அதிகமானால் காட்டுங்கள். அதே வகை வைரஸ் கருப்பை வாயிலும் இருக்கலாம் என்பதால், கிட்னி மாற்றிக்கொண்ட பெண்கள் கருப்பை வாய்ப் பரிசோதனையைக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

பணமும் தேதியும்

ஆபரேஷனுக்காக நகை அடகு வைக்கிறோம், சீட்டு எடுக்கிறோம், காட்டை விற்கிறோம். எல்லாப் பணமும் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. பி.சி.ஆர். எடுக்கச் சொல்லும்போது கையில் காசு இருக்காது, கேட்கவும் வாய் வராது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: "முதல் வருசத்துக்கு என்னென்ன டெஸ்ட், எப்பப்ப, எவ்வளவு ஆகுமுங்க?" அந்தத் தொகையை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். காப்பீட்டில் எது வரும் எது வராது என்பதை மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உதவ நினைக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஆபரேஷன் அன்றைக்கு எல்லோரும் கொடுப்பார்கள். நீங்கள் ஐந்தாவது மாதத்தில் கொடுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, கிரியேட்டினின், டேக்ரோலிமஸ் அளவு, வெள்ளை அணு, பி.கே., சி.எம்.வி. என்று கட்டம் போட்டு எழுதி வாருங்கள். டேக்ரோலிமஸ் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் அன்று காலை மாத்திரையைப் போடாமல் போய், கொடுத்த பிறகு போட வேண்டும். வெளியூரில் அவசரத்துக்கு வேறு டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாகவே "இவருக்குக் கிட்னி மாத்தியிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அந்த நோட்டை நீட்டுங்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பி.கே. அடங்கி, கிரியேட்டினின் 1.5-இல் நின்றுவிட்டது. பட்டறைக்குப் போய் வருகிறார். தன் கிட்னி ஒத்துக்கொண்டதா என்று அத்தை இப்போது கேட்பதில்லை. அவனுக்கு அடுத்த டெஸ்ட் என்றைக்கு என்றுதான் கேட்கிறார். கிட்னி மாற்றிய ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அதை யார் கேட்பது என்று இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.